கம்பத்துத் துண்டு

துண்டு இன்னும் ஏறவில்லை. ஏறுகிறபோது ஏறட்டும், கம்பெனியே மூட்டை கட்டியாயிற்று, கடைசி வண்டி கொஞ்சம் பிந்தினால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வெள்ளைக்கண்ணு பிரேக்குக் கட்டையின் மேல் நெஞ்சைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கட்டை என்றால் ஆள் நீளத்துக்கு ஒரு தேக்குத் தடி. அதை அழுத்திப் பிடித்தால் இரும்பு வடம் சுற்றிய பெரிய உருளை நிற்கும். தூக்கிவிட்டால் உருளை சுழலும், வடத்தில் மாட்டிய, மரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கும், அந்தக் கனத்திலேயே கீழே கிடக்கிற வெறும் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் தானாக ஏறி வரும். எஞ்சினுக்கு இங்கே வேலையில்லை, மலையே இழுத்துக்கொள்ளும். நிஜ எஞ்சின் அடிவாரத்தில் ஆனைக்குழியில் புகைந்துகொண்டு நிற்கிறது. இவன் இருப்பது உச்சியில், கருநீர்ப்பாறையில். நடுவில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மூங்கில் புதர், கீழே என்ன நடக்கிறது என்று மேலே தெரியாது. ஆதியில் மணி அடிக்கக் கம்பி இழுத்திருந்தார்களாம், யானைகள் அதை அறுத்துப் போடுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டதால் கூலிகள் தாங்களாகவே துண்டு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கீழே நிற்கிறவன் தடத்தில் ஆள் இல்லை, கல் இல்லை என்று பார்த்துவிட்டுத் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கம்பத்தில் கட்ட வேண்டும். அடுத்தவன் துண்டு செல்லாது. கட்டியவன் வண்டி வந்து சேருகிறவரை கம்பத்தடியை விட்டு அசையக் கூடாது. வந்த பிறகு அவனே அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே துண்டு, கம்பத்தில் இருந்தால் தலையில் இருக்காது, தலையில் இருந்தால் கம்பத்தில் இருக்காது. பச்சைக் காட்டுக்குள் கண்ணில் படவேண்டுமென்று சிவப்புத் துண்டு. நாட்டில் உள்ள ரயிலெல்லாம் சிவப்பைக் கண்டால் நிற்கும், இந்தக் காட்டு வண்டி மட்டும் சிவப்பைக் கண்டால்தான் கிளம்பும். அந்தச் சிவப்பும் எல்லோருக்கும் தெரியாது. கொட்டகைத் தூணுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சந்து, கட்டையைப் பிடித்திருக்கிறவன் கொஞ்சம் குனிந்து அதில் கண்ணை வைத்தால் மரங்களுக்குக் கீழே தூரத்தில் கம்பத்தின் தலை மட்டும் தெரியும். வெள்ளைக்கண்ணு குனிந்து பார்த்தான். வெறும் கம்பம்.

தவசி என்ன செய்கிறான் இவ்வளவு நேரம். எஞ்சின் டிரைவரிடம் கதை அளந்துகொண்டிருப்பான். கதை சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கங்காணி பின்னால் மலையேறினார்கள், லயத்தில் ஒரே அறையில் ஒரே சட்டியில் பொங்கித் தின்றார்கள், வெள்ளைக்கண்ணுவுக்கு இருளாயியைப் பேசி முடித்ததே தவசிதான். அவளைத் தங்கச்சி என்பான், அதனால் இவன் மாப்ளை. வாய் நிறைய மாப்ளை. நேற்றுக்கூட. துரை பங்களா முற்றத்தில் பிரிவுபசாரம் என்று ஆளுக்கொரு லட்டும் காப்பியும் கொடுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போக வந்திருக்கிற பழைய இரும்பு முதலாளி வாய் சும்மா இருக்காமல் ‘இந்த வண்டிக்கு என்னப்பா சரித்திரம்’ என்று கேட்டுவிட்டார். விடுவானா தவசி. முதல் துரை காட்டெருமை சுட வந்தவன், குறி தப்பிக் குண்டு தேக்கில் பாய்ந்தது, மரத்தைத் தட்டிப் பார்த்தவன் எருமையை மறந்துவிட்டான். வெட்டிய மரத்தை ஆற்றில் விட்டான், பாறையில் மோதிச் சிம்பு சிம்பாகப் போயிற்று. வண்டியில் ஏற்றினான், மாடுகள் செத்தன. கடைசியில் சீமையிலிருந்து கப்பலில் வந்தது தண்டவாளம், சர்க்கார் ரயிலில் பாதி அகலம்கூட இல்லை, யானை முதுகில் கட்டி ஏற்றினார்கள். எஞ்சினைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டினார்கள், அது கத்திய கத்தலைக் கேட்டு ஜனங்கள் சீமைக்கழுதை என்று பேர் வைத்தார்கள். யுத்தத்தின்போது பட்டாளத்துக்கென்று காட்டையே வழித்தெடுத்தார்கள், யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, லாரி ரோடு வந்தது, மரமும் தீர்ந்தது. முதலாளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். வெள்ளைக்கண்ணுவும் கேட்டான், அதுதான் கொடுமை, அவன் சொன்னால் கேட்கத்தான் தோன்றும். தண்டவாளம் போட வந்து காய்ச்சலில் செத்தவர்களைத் தடத்தோரமே புதைத்து மேலே கல் கொட்டியது கதையில் வரவில்லை. வெள்ளைக்கண்ணுவின் அப்பன் அந்தக் கல்லுக்கு அடியில்தான் இருக்கிறார். சரி, லட்டு தின்கிற இடத்தில் அது எதற்கு, போகட்டும். முடிக்கும்போது சொன்னானே, அது என்ன கணக்கு. ‘இத்தன காலத்துல இந்தச் சரிவுல ஒரே ஒரு உசுருதாங்க போச்சு. அதுவும் வண்டி குத்தமில்ல. துண்டு ஏறும் முன்னாடியே ஒருத்தன் அவசரப்பட்டு விட்டுட்டான். பாவம், வேணும்னா செஞ்சான்? நம்ம ஆளுதான். நாளைக்குக் கடைசி வண்டிய அவனே விடட்டும்னு தொரைகிட்ட நாந்தான் சொல்லியிருக்கேன்.’ தவசி மேஸ்திரிக்குப் பெரிய மனசு என்று நாலு பேர் தலையை ஆட்டினார்கள். இவனுக்குப் பிறகு வந்த பிரேக்குக்காரன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான், இவனைத் தவிரக் கட்டை பிடிக்கத் தெரிந்தவன் மலையிலேயே இல்லை, இது அந்த நாலு பேருக்கும் தெரியும். ஆனாலும் பெரிய மனசு. பாதி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றது ஞாபகம் வந்து வெள்ளைக்கண்ணுவுக்கு உள்ளங்கை பிசுபிசுத்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். துண்டு இல்லை.

அந்த ஒரே உயிர் போன அன்றைக்குத் துண்டு இருந்தது. இருந்ததே. சாரலில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது, ஆனாலும் சிவப்பு சிவப்புதானே. ஒரு வண்டி இறங்கிப் போய் அடுத்ததைக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். குனிந்தான், துண்டு. அதற்குள் மறுபடி கட்டிவிட்டானே, இன்றைக்குத் தவசிக்குச் சுறுசுறுப்புத்தான் என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது, மற்றதெல்லாம்கூட மங்கிப்போயிற்று, தான் சிரித்தது மங்கவில்லை. மறுபடி எங்கே கட்டினான் தவசி. முதல் வண்டிக்குக் கட்டியதை அவிழ்க்காமலேயே, சாரலுக்கு ஒதுங்கி எஞ்சின் சூட்டில் குளிர்காயப் போய்விட்டான். சடையன் வந்தான். இருளாயியின் தம்பி, கோடாலிக்காரன், ஒரே வெட்டில் கிளையை உதிர்க்கிறவன், மலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. மழைக்கு இதமாக இருக்கட்டுமென்று அக்காள் அவித்துக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கை மேலே கட்டை பிடிக்கிற மச்சானுக்குச் சூடு ஆறுமுன் கொடுக்க வேண்டுமென்று சிலீப்பர் கட்டைகள் மேல் ஏறி வந்தான். புதருக்குள் வேறு பாதை கிடையாது. கம்பத்தடியில் ஆள் நின்றிருந்தால் ‘ஏறாதடா’ என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பான். ஆள் இல்லை, அதட்டு இல்லை. வடம் ஒரு உதறு உதறியது. என்ன உதறு அது. வெள்ளைக்கண்ணு கட்டையில் விழுந்தான், உருளை அலறிக்கொண்டு நின்றது, நின்று என்ன. வளைவுக்கு முன்னாலேயே அழுத்தியிருந்தால். எதற்கு அழுத்துவான், துண்டு இருந்ததே. வளைவில் கொஞ்சம் மெதுவாக விட்டிருந்தால். எப்போதும் விடுகிற மாதிரிதானே விட்டான். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு மேலே போகாது, செக்குமாடு மாதிரி சுற்றும், துண்டு இருந்தது, இருந்ததா, இருந்தது. சரிவில் விழுந்து புரண்டு அவன் கீழே போய்ச் சேர்ந்தபோது தவசி சடையனை மடியில் போட்டுக்கொண்டு அவன் தலையைச் சுற்றித் தன் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். ஓடி வந்த ஜனம் முழுவதும் பார்த்தது அதைத்தான். கம்பம் வெறுமையாக நின்றது, தவசியின் தலை வெறுமையாக இருந்தது, துண்டு பிணத்தின் தலையில். எங்கிருந்து அவிழ்த்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள். துண்டும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. அப்படியே குழியில் வைத்து மூடினார்கள்.

விசாரணைக்கு முன்னால் லயத்துக்குப் பின்புறம் கூப்பிட்டான் தவசி. அழுதான். நிஜமாகவே அழுதான், மூக்கு ஒழுக. ‘எனக்கு நாலு புள்ளைக மாப்ள. வேல போனா நடுத்தெருதான். ஒனக்குப் புள்ள குட்டி இல்ல. நீ தாங்கிருவ’ என்றான். தாங்கிருவ. பிள்ளை இல்லாதவன் தாங்குவானாம், அதுவும் ஒரு பெலமாம். வெள்ளைக்கண்ணு, இவ்வளவு அழுகிறவன் அந்த இடத்தில் நிற்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நம்பினான், மடையன். துரை கேட்டான். தவசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: ‘துண்டு எந் தலையிலதாங்க இருந்துச்சு. தலையில இருந்ததத்தான அவுத்துக் கட்டுனேன், எல்லாரும் பாத்தாக.’ எல்லோரும் பார்த்திருந்தார்கள். வெள்ளைக்கண்ணு கட்டையிலிருந்து இறக்கப்பட்டுப் பொம்பளைகளோடு பட்டை உரிக்கப் போனான். தவசி மேஸ்திரி ஆனான், ஊர்ச் சாவுக்கெல்லாம் முன்னால் நின்றான், சடையனுக்குத் திதி வந்தால் தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தான். அதையெல்லாம்கூட ஒதுக்கிவிடலாம். இருளாயியை என்ன செய்வது. அவளிடம் சொன்னான். ஒரே ஒரு தரம் சொன்னான், துண்டு கம்பத்தில் இருந்தது என்று. அவள் முகம் கல்லாகிவிட்டது. ‘எந் தம்பி தலையில கட்டுன துண்டையா பேசுற’ என்றாள். அத்தோடு சரி. சோறு போடுவாள், எதிரே உட்கார மாட்டாள். துணி துவைத்துப் போடுவாள், உறவு சொல்லிக் கூப்பிட மாட்டாள். காய்ச்சலென்றால் கஷாயம் வைத்துத் தூணோரம் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கொலைகாரனுக்குச் செய்கிற கடமைகளை ஒன்று விடாமல் செய்தாள். இதோ இப்போதும் கொட்டகைக்கு வெளியே பட்டைக் குவியலின் மேல் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள், கடைசி வண்டியைப் பார்க்க எல்லோரும் வந்திருக்கிறார்கள், எல்லோருடைய முகமும் இந்தப் பக்கம், அவள் முகம் மட்டும் அந்தப் பக்கம்.

இந்த வண்டி போய்ச் சேர்ந்தால் தவசியும் போய்விடுவான். எஞ்சினில் ஏறி, சமவெளி போய், அங்கிருந்து துரையோடு அந்தமானுக்கு, அங்கே புதுக் காடு, புது ரயிலாம். உலகத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கடல் தாண்டிவிட்டால் மற்றவன் பைத்தியக்காரன். சாகிறவரை இருளாயி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சோறு போடுவாள். தூணைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். இப்போது விட்டால் என்ன. துண்டு ஏறவில்லை. தவசி இப்போது தடத்தில்தான் இருப்பான், கல் கிடக்கிறதா என்று கம்பத்திலிருந்து வளைவுவரை நடந்து பார்க்கிற நேரம், இன்றைக்கு ஒழுங்காகப் பார்ப்பான், துரை பார்த்துக்கொண்டிருக்கிறானே. துண்டு ஏறாமல் விட்டவன் என்றுதானே பேர். தண்டனையெல்லாம் அனுபவித்தாயிற்று, குற்றத்தைத்தான் இன்னும் செய்யவில்லை. கட்டையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். நெஞ்சை எடுத்தான். வடம் மெல்ல முனகியது. கொக்கி மாட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான். சீ என்று மறுபடி விழுந்து அழுத்திக்கொண்டான், சடையா, என்ன காரியம் செய்யப் பார்த்தேன், கிழங்கு கொண்டுவந்தாயேடா. குனிந்து சந்தில் கண்ணை வைத்தான்.

துண்டு ஏறியிருந்தது. காற்றில் நன்றாக விரிந்து, தவசியின் புதுத் துண்டு, மேஸ்திரித் துண்டு, ஓரத்தில் சரிகை வேறு. விடு என்றது துண்டு. கை போகவில்லை. வேண்டுமென்று செய்ததாக அவனே நினைக்கவில்லை, கை போகவில்லை, அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் தரம் அந்தத் துணியைப் பார்த்த கணத்தில் நெஞ்சு தானாக எழும்பியிருக்கிறது, இப்போது எழும்பவில்லை. ஒரு துணியை நம்பவும் ஒரு உறுப்பு வேண்டும் போல, அது போய்விட்டது. கம்பெனிக் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து, ‘என்னய்யா, துண்டு ஏறிருச்சா?’ என்றார். ‘ஏறிருச்சு’ என்றான். ‘அப்ப விடேன்யா.’ இவன் கட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தான். கீழே சீமைக்கழுதை ஒரு தரம் கத்தியது. கொஞ்சம் பொறுத்து நீளமாகக் கத்தியது. ரைட்டர் குடையைத் தரையில் குத்தினார், கொக்கிக்காரன் சிரித்தான், பட்டைக் குவியலில் பேச்சு நின்றது. தவசி வரட்டும் என்று நினைத்தான் வெள்ளைக்கண்ணு. வண்டி வராவிட்டால் எஞ்சின் போகாது. எஞ்சின் போகாவிட்டால் அவன் போக முடியாது. அவன்தான் மேலே வந்து ஏன் என்று கேட்க வேண்டும். வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும், எல்லோருக்கும் முன்னால் வேண்டாம், என் காதுக்கு மட்டும் சொன்னால்கூடப் போதும். இவ்வளவு செய்தவனிடமும் பிச்சை கேட்கிற புத்தியைப் பார் என்று தன் மேலேயே கோபம் வந்தது. வளைவில் ஆள் தெரிந்தது.

தவசிதான். சிலீப்பர் கட்டைகளைத் தாண்டித் தாண்டி, தடத்தின் நட்டநடுவில், கையை வீசிக்கொண்டு ஏறி வந்தான். கோபத்தில் வருகிற நடை. வெயில் அவன் மண்டையில் பளபளத்தது. வெள்ளைக்கண்ணு அந்தப் பளபளப்பையே பார்த்தான். பார்த்துவிட்டு ஏதோ தோன்றி, அவசரமாகக் குனிந்து சந்தில் பார்த்தான். துண்டு கம்பத்தில் இருந்தது. அவிழ்க்காமல் வந்திருக்கிறான். அதே மாதிரி, துண்டு அங்கே, ஆள் இல்லை, தடத்தில் மனிதன். சட்டப்படி இப்போது விடலாம். விட வேண்டும். துண்டு ஏறியிருக்கிறது என்று ரைட்டர் காதுபடச் சொல்லியாயிற்று, இந்த முறை சாட்சி உண்டு, யாரும் விரலை நீட்ட முடியாது. பாவி, இத்தனைக்குப் பிறகும் என் கட்டைக்கு நேராக இப்படி நடந்து வருகிறானே, நான் விடமாட்டேன் என்று எவ்வளவு நிச்சயம் அவனுக்கு. அன்றைக்கும் இந்த நிச்சயத்தில்தான் பொய் சொன்னான், மாப்ளை தாங்குவான், மாப்ளை ஒன்றும் செய்ய மாட்டான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

தவசி கொட்டகைக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான். ‘ஏன்டா விடல? கிறுக்குப் புடிச்சிருச்சா? அங்க தொர நிக்கிறாரு, எஞ்சின் நிக்கிது. துண்டு கட்டியிருக்கேன்ல, கண்ணு தெரியலயா ஒனக்கு?’

‘தெரியுது’ என்றான் வெள்ளைக்கண்ணு. ‘அன்னைக்கும் தெரிஞ்சுச்சு.’

தவசி ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு ரைட்டரைப் பார்த்து, கொக்கிக்காரனைப் பார்த்து, பெண்களைப் பார்த்துச் சிரித்தான். ‘பாத்தீகளா. போற நேரத்துல ஆரம்பிச்சுட்டான். அன்னைக்குத் துண்டு எந் தலையில இருந்துச்சுன்னு இந்த மலைக்கே தெரியும். இவனுக்குப் போயி நான் சிபாரிசு பண்ணேன் பாருங்க.’

ஆக, இப்போதும் சொல்ல மாட்டான். இவ்வளவு தூரம் ஏறி வந்து, மூச்சு வாங்க, மறுபடி ஒரு தரம் கொன்றுவிட்டுப் போவான். ‘இருளாயி’ என்று கூப்பிட்டான் வெள்ளைக்கண்ணு. ‘ஒரு தடவ இங்க வா. ஒண்ணும் பேச வேணாம். வந்து இந்தச் சந்துல பாரு, அது போதும்.’ அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் தோளைத் தொட்டாள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, முந்தானையில் ஒட்டிய பட்டைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். கட்டையை விடமுடியாமல் அவன் உடம்பை ஒதுக்கி இடம் கொடுத்தான். அவன் பக்கத்தில் இவ்வளவு நெருக்கமாக அவள் வந்து எத்தனையோ காலமாயிற்று, அவள் மேல் தேக்குப் பட்டையின் துவர்ப்பு வாசனை அடித்தது. குனிந்தாள். சந்தில் கண்ணை வைத்தாள். முதுகு அசையவில்லை. அவள் என்ன பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. புருஷனை அவள் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் நிற்கிற தவசியின் காலைப் பார்த்தாள், பிறகு மெல்லக் கண்ணை உயர்த்தி அவன் தலையைப் பார்த்தாள்.

‘அண்ணே,’ என்றாள், ‘ஒங்க தலத்துண்டு எங்கண்ணே?’

தவசியின் கை தானாகத் தலைக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல், அப்படியே நின்றது. கீழே எஞ்சின் மறுபடி கத்தியது. கட்டையை யாரும் தூக்கவில்லை.